மைதானத்தின் தலையெழுத்தை எந்த மேசையில் எழுதுகிறார்கள்?

மதுரையில் ஒரு கிரவுண்டில் கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். காலையில் வாக்கிங் வருகிறவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு போகும். கட்சிக்காரர்கள் வந்து பேசுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனிதச் சங்கிலி, மறுநாள் பேப்பரில் படம். இதில் எதையும் குறைத்துச் சொல்ல வரவில்லை, இத்தனையும் தேவைதான். கோளாறு நேரத்தில் இருக்கிறது. பெரும்பாலான போராட்டங்கள் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் போன பிறகோ, கேட்டைப் பூட்டித் தகரம் அடித்த பிறகோதான் சூடு பிடிக்கின்றன. அந்தக் கட்டத்தில் பொதுமக்களுக்கென்று தமிழ்நாட்டுச் சட்டம் நாற்காலி ஏதும் போட்டு வைக்கவில்லை.

இங்கிலாந்தில் நடைமுறை வேறு. அங்கே ஒரு விளையாட்டுத் திடலை இடித்துக் கட்ட யாராவது விண்ணப்பித்தால், உள்ளாட்சி அமைப்பு அதை வெளியே அறிவித்தாக வேண்டும். அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் போகும், அல்லது இடத்திலேயே நோட்டீஸ் ஒட்டுவார்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் கிடைக்கும். விளையாட்டுத் திடல் என்றால் ஸ்போர்ட் இங்கிலாந்து என்ற அமைப்பிடமும் கருத்துக் கேட்டாக வேண்டும் என்று 1996ல் கொண்டுவந்தார்கள். ஆகவே அங்கே எதிர்ப்பு என்பதில் பெரும்பகுதி, அந்த விண்ணப்பத்தின் மீது எழுதப்படும் ஆட்சேபக் கடிதங்கள்தான்.

இங்கே 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி நில உரிமையாளர் விண்ணப்பிக்கிறார். திட்டக் குழுமமோ நகர் ஊரமைப்பு இயக்ககமோ அதை 2019ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கட்டடத்தைச் சுற்றிப் பக்கத் திறவிடம் விட்டிருக்கிறார்களா, சாலை அகலம் போதுமா, மனையளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற தளப்பரப்புக் குறியீடு மீறுகிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் அனுமதி கொடுக்கும். விண்ணப்பதாரருக்கும் அலுவலகத்துக்கும் இடையே முடிகிற சமாச்சாரம் இது. அந்த இடத்தில் முப்பது வருஷமாக விளையாடிய பையன்கள் அதில் ஒரு தரப்பே இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதியிலாவது கேட்பார்களா என்றால், அதுவும் இல்லை. 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு உள்ள கட்டடங்களுக்கு முன்னனுமதி வேண்டும். ஆனால் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அதே அறிவிக்கை விலக்குக் கொடுத்துவிட்டது. சுரங்கத்துக்கு, அனல்மின் நிலையத்துக்குப் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்பதைப் பார்த்துவிட்டு, வணிக வளாகத்துக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று காத்திருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

அப்படியானால் மக்கள் பேச இடமே இல்லையா? இருக்கிறது, அது இதற்கெல்லாம் முந்திய கட்டங்களில் இருக்கிறது. எந்தக் கட்டம் என்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஆகவே மைதானப் போராட்டத்தில் முதல் வேலை கோஷம் எழுதுவதில்லை, சர்வே எண்ணைக் கண்டுபிடிப்பது. கிராமம் என்றால் நில விவரம் எழுதிய அ-பதிவேடும் நிலத்தின் அளவு காட்டும் புலப்பட நகலும், நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. நிலம் மாநகராட்சி பெயரிலா, அரசுப் புறம்போக்கா, ரயில்வேயா, அறக்கட்டளையா என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். கூடவே அந்த சர்வே எண் நகரின் முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், எந்த உபயோகத்துக்கு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மாநகராட்சி நிலத்துக்கு மதுரையில் கண்ணெதிரே இருக்கிற பாடம் தமுக்கம். நாயக்கர் காலத்தில் யானைச் சண்டையும் வீர விளையாட்டுகளும் நடந்த திடல் என்பார்கள். எதிரே ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அரண்மனை 1959ல் காந்தி நினைவு அருங்காட்சியகமானது. சித்திரைப் பொருட்காட்சி, புத்தகத் திருவிழா, அரசியல் மாநாடுகள், மற்ற நாட்களில் கிரிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த திடல் அது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததும் அங்கேதான். இன்று அதன் ஒரு பகுதியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஏறத்தாழ 47 கோடி ரூபாயில் கட்டிய மாநாட்டு மையம் நிற்கிறது. 2022 செப்டம்பரில் முதல்வர் திறந்து வைத்தார்.

மண்டபம் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் போவதற்கு முன் காலவரிசையைப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் மதுரை சேர்ந்தது 2016 செப்டம்பரில். அதற்கடுத்த மாதமே தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்கும் வரை மாநகராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். மதுரையின் 100 வார்டுகளில் ஒன்றுக்குக்கூட கவுன்சிலர் கிடையாது. தமுக்கம் திட்டம் தீட்டப்பட்டதும், டெண்டர் விட்டதும், வேலை தொடங்கியதும் அந்த ஐந்தரை வருஷத்துக்குள். போதாததற்கு ஸ்மார்ட் சிட்டி பணம் மாநகராட்சி மன்றத்தின் வழியாகப் போகாமல், தனியாகத் தொடங்கிய ஒரு கம்பெனியின் இயக்குநர் குழு வழியாகப் போகும்படி மத்திய அரசே விதி வைத்திருந்தது. மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் மண்டபம் வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. திடலில் எத்தனை ஏக்கர் மண்ணாகவே மிஞ்சும் என்ற கேள்வியாவது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கும்.

இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தில், வார்டுவாசிகள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களும் தொடங்கின. அதில் எத்தனை பேர் போய் உட்காருகிறார்கள் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் மாநகராட்சி நிலத்தைப் பொறுத்தவரை முதல் மேசை மன்றத் தீர்மானம். அதற்கும் முன்னால் வருவது விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க ஆலோசகர் தேவை என்ற டெண்டர். யாரும் கவனிக்காத சின்ன டெண்டர் அது, தொகையும் சிறியது. ஆனால் எதைக் கட்டப்போகிறோம் என்பதைத் தீர்மானிப்பவர் அந்த ஆலோசகர். கடைகள், உணவகம், வண்டி நிறுத்தம் என்று வருமானக் கணக்கு ஒருமுறை அறிக்கையில் ஏறிவிட்டால், பிறகு வருகிற அதிகாரிகள் அதை வைத்துத்தான் பேசுவார்கள். அந்த டெண்டர் வெளியான வாரத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு தகவல் உரிமை மனு போட்டால், ஆலோசகருக்குக் கொடுத்த வேலை வரையறையின் நகல் 30 நாளில் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். அந்த வரையறையிலேயே வணிகப் பயன்பாடு என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

ரயில்வே நிலம் வேறு உலகம். மாநகராட்சி மன்றமும் திட்டக் குழுமமும் அங்கே ஓரமாக நிற்பவை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 11ஆம் பிரிவு, தன் வேலைக்கான கட்டுமானங்களை மற்ற சட்டங்களைப் பார்க்காமல் செய்துகொள்ள ரயில்வேக்கு அதிகாரம் தருகிறது. 2006ல் ரயில் நில மேம்பாட்டு ஆணையம் வந்த பிறகு, ரயில்வேக்குத் தேவைப்படாத நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு விடுவதே ஒரு தனித் துறையாகிவிட்டது. சில இடங்களில் குத்தகை 99 வருஷம். 2021 ஆகஸ்டில் அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்ட மத்திய அரசு வெளியிட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில் ரயில் நிலையங்களோடு 15 ரயில்வே விளையாட்டரங்குகளும் பட்டியலில் இருந்தன. அரசரடி ரயில்வே மைதானத்தையும் மரங்கள் அடர்ந்த காலனியையும் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது மதுரையின் மேற்குப் பகுதி பதறியதற்கு இந்தப் பின்னணி உண்டு. விளையாட்டுக்காரர்கள், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், காலனிக்காரர்கள், இளைஞர் அமைப்புகள் எல்லாரும் சேர்ந்தார்கள். மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்.

அந்த எதிர்ப்பில் கவனிக்க வேண்டியது, அது பேசிய முகவரி. ரயில்வே நிலத்துக்கான மேசை டெல்லியில் இருக்கிறது. மதுரைக் கோட்ட மேலாளர் நல்லவராகவே இருந்தாலும் அவரால் ஆகப்போவது குறைவு. நாடாளுமன்றத்தில் கேள்வி, ரயில்வே அமைச்சருக்குக் கடிதம், தொழிற்சங்கம் வழியாக ரயில்வே வாரியத்துக்கு நெருக்கடி என்று போனால்தான் காது கேட்கும். கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு அங்கிருந்து கோட்ட அலுவலகத்துக்கு முகப்புக் கடிதத்தோடு போய்ச் சேரும், அவ்வளவுதான்.

ரேஸ் கோர்ஸில் இருக்கும் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. நிலம் விளையாட்டுக்கே போகும் என்பதில் சந்தேகம் இல்லாததால் இங்கே எதிர்ப்பு பெரிதாக எழுவதில்லை. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை 24 அணிகள் ஆடிய ஆண்கள் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையைச் சென்னையும் மதுரையும் சேர்ந்து நடத்தின. அதற்காக இங்கே சர்வதேசத் தரத்தில் புது ஹாக்கி அரங்கம் எழுந்தது. மதுரைக்குப் பெருமைதான். அதே வருஷம் அக்டோபரில் சிந்தாமணிப் பக்கம் ஒரு தனியார் கல்வி அறக்கட்டளை கட்டிய கிரிக்கெட் அரங்கை தோனி வந்து திறந்தார். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24ல் திறக்கப்பட்டது. இரண்டு வருஷத்துக்குள் மூன்று பெரிய அரங்கங்கள்.

இதைச் சொல்லித்தான் மைதானம் கேட்பவர்களின் வாயை அடைப்பார்கள்: "ஊருக்குத்தான் ஸ்டேடியம் வந்திருக்கிறதே, இன்னும் என்ன?" கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் செல்லூரிலிருந்தோ ஆரப்பாளையத்திலிருந்தோ ஒரு ஏழாம் வகுப்புப் பையன் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து ரப்பர் பந்து கிரிக்கெட் ஆட சிந்தாமணிக்குப் போகப்போவதில்லை. செயற்கைப் புல்தரை ஹாக்கியில் தேறியவர்களுக்கானது. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃப் வேலைக்குப் போகிற இளைஞர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளக்கூடியது. காசில்லாமல், கேட்காமல் உள்ளே போகக்கூடிய இடம் எது என்பதே கேள்வி, அதற்குப் பார்வையாளர் இருக்கை எண்ணிக்கை பதில் ஆகாது. ஒரு போராட்டக் குழு எழுதும் முதல் பத்தியிலேயே இந்த வித்தியாசத்தை வைத்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறைந்துவிடும்.

ஊர்ப்புறத்தில் கதை இன்னும் சுவாரசியம். கீழக்கரை அரங்கம் வந்த பிறகும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலிலேயே நடக்கிறது. பாலமேடும் அவனியாபுரமும் அப்படியே. கோயில் காளை முதலில் இறங்கும் வாசல், பரம்பரையாக மரியாதை வாங்குகிறவர்கள், எந்த வீட்டு மாடியில் யார் நிற்பது என்று இடத்தோடு ஒட்டிய வழக்கங்கள் நூறு. இவ்வளவையும் பெயர்த்துக்கொண்டு போய் ஒரு கான்கிரீட் வளையத்துக்குள் வைக்க முடியாது. அரசும் அதைப் புரிந்துகொண்டு புது அரங்கத்தைத் தனிப் போட்டிகளுக்கு வைத்துக்கொண்டது.

கிராமத்து மந்தையும் விளையாட்டுத் திடலும் பெரும்பாலும் ஏதோ ஒரு வகைப் புறம்போக்கு. அங்கே மேசை கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். அதன் தீர்மானத்துக்கு அரசைக் கட்டுப்படுத்தும் சட்ட பலம் குறைவுதான், ஆனால் அரசியல் பலம் உண்டு என்பதை மேலூர்ப் பக்கம் காட்டினார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானது. அரிட்டாபட்டியும் சுற்று ஊர்களும் கிராமசபைத் தீர்மானங்கள் போட்டன. டிசம்பர் 9ல் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்தே வந்தார்கள், 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சுரங்கமும் மைதானமும் ஒன்றல்ல, அளவும் ஒன்றல்ல. ஆனால் ஒரு மண்வெட்டி விழும் முன்பே, அனுமதி எதற்கும் விண்ணப்பம் போகும் முன்பே அது முடிந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

உள்ளதிலேயே கடினம் தனியார் அல்லது அறக்கட்டளை மைதானம். பழைய பள்ளி, கல்லூரித் திடல்களில் ஊரே விளையாடியிருக்கும். ஆனால் அனுமதித்ததால் விளையாடினார்கள், அவ்வளவே. உரிமை என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. இங்கே மிச்சமிருக்கும் ஒரே பொது மேசை முழுமைத் திட்டத்தின் நில உபயோக வரைபடம். அந்த இடம் 'திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு' என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால் வணிக வளாகம் கட்ட முதலில் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். அதற்கு நாளிதழில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். சின்ன எழுத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, சர்வே எண்ணை மட்டும் சொல்லி வரும். அங்கேதான் எழுத வேண்டும். எழுதியவர்களின் ஆட்சேபம் கோப்பில் ஏறும், பின்னால் வழக்குக்குப் போனால் அதுவே அடிப்படை. அதற்கு மாறாக அந்த இடம் 'நிறுவன உபயோகம்' என்று இருந்துவிட்டால் மாற்றம் கேட்கத் தேவையில்லாமலே கல்லூரிக் கட்டடமோ மருத்துவமனையோ வரக்கூடும்.

ஆகவே முழுமைத் திட்டம் வரைவாக வெளியாகிற காலம் எந்த மனிதச் சங்கிலியையும்விட முக்கியமானது. சட்டப்படி வரைவின் மீது கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தருகிறார்கள். நம்முடைய விளையாட்டுச் சங்கங்களில் எத்தனை அந்த வரைபடத்தை விரித்துத் தங்கள் கிரவுண்டு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்திருக்கும்? பார்த்தாலும், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவு நினைத்தபோது விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆக, வரைபடம் இரும்புக் கதவு கிடையாது. ஆனாலும் விலக்கு என்றால் அரசு ஒரு ஆணை போட்டாக வேண்டும், அந்த ஆணை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும்.

"முழுவதையும் எடுக்கவில்லை, ஓரத்தில் மட்டும்தான் கடை கட்டுகிறோம்" என்ற சமாதானத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 400 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏறத்தாழ 176 மீட்டர் நீளமும் 92 மீட்டர் அகலமும் வேண்டும், அதாவது சுமார் 4 ஏக்கர். ஐந்து ஏக்கர் மைதானத்தில் அது போக ஒரு ஏக்கர்தான் மிச்சம். சாலையோரம் 10 மீட்டர் ஆழத்துக்குக் கடை, கடைக்கு முன்னால் வண்டி நிறுத்தம், தீயணைப்பு வண்டி சுற்றி வரப் பாதை என்று கழித்தால் ஓடுதளம் 400 மீட்டராக இருக்காது, 300 ஆகும், பிறகு நடைபாதை ஆகும். சர்வதேச அளவுக் கால்பந்துத் திடல் ஒன்றே 105 மீட்டருக்கு 68 மீட்டர். சரி, மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் 10 சதவீதத்தைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானமாகக் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறதே என்பார்கள். ஐந்து ஏக்கரில் அது 50 சென்ட். கபடிக் களம் தாராளமாகப் போடலாம். கால்பந்துக்கு அதைப்போல மூன்றரை மடங்கு வேண்டும். மைதானத்தை எடுத்துக்கொண்டு அதில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விதிப்படி எல்லாம் செய்தோம் என்று சொல்ல முடியும் என்பது இந்த ஏற்பாட்டின் வினோதம்.

விதிப்படியான ஆட்சேபங்களைத் தேடினால் கிடைக்காமல் போகாது. 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம், அதற்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலம் போதுமா என்று பார்க்க வேண்டும். மதுரையின் உள்நகரச் சாலைகளை நினைத்துக்கொண்டால் விடை தெரியும். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் எழும்பவே கூடாது. மழைநீர் வாதமும் வலுவானது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த ஊரில், ஐந்து ஏக்கர் மண்ணைக் கான்கிரீட் ஆக்கினால் அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்பதற்குப் பொறியாளர் பட்டம் வேண்டாம். ஆனால் கேள்வியைத் திட்டக் குழுமத்துக்கு எழுதும்போது, "எங்கள் உணர்வு புண்படுகிறது" என்ற வரியை விட வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற வரைபடம் அதிக வேலை செய்யும்.

கடைசியில் எல்லாரும் போய் நிற்பது ஒத்தக்கடை போகிற வழியில் 2004 ஜூலை முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையில். பொதுநல வழக்கு போட நீங்கள் நிலத்தின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991ல் இதைத் தெளிவாக்கியது. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்க உரிமை உண்டு, பூங்கா என்று திட்டத்தில் வைத்ததை ஆட்சியாளர் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்றது. லக்னோ வழக்கு இன்னும் காரம். அமீனாபாத்தில் ஒரு பழைய பூங்காவுக்கு அடியில் நிலத்தடி வணிக வளாகம் கட்ட மாநகராட்சியே ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. பணம் போட்டுக் கட்டியும் விட்டார்கள். 1999ல் உச்ச நீதிமன்றம் அதை இடித்துப் பூங்காவைப் பழையபடி ஆக்கச் சொன்னது. மக்களுக்காக மாநகராட்சி வைத்திருக்கும் சொத்தை அது தன் இஷ்டத்துக்குக் கைமாற்ற முடியாது என்பதே அதன் சாரம்.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டுக் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் கூடாது. இரண்டு வழக்கிலும் இடம் பூங்கா என்று எழுத்தில் இருந்தது. மதுரையில் பல திடல்களுக்கு அந்த எழுத்து கிடையாது, பழக்கம் மட்டுமே இருக்கிறது. தாமதமும் ஆபத்து. அஸ்திவாரம் போட்டு மூன்றாவது தளம் எழும்பிய பிறகு போனால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமானால் 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள், அதோடு கதவு மூடிவிடும்.

குழுவுக்குள் இருக்கும் ஒரு பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். மனு எழுதத் தெரிந்தவர்கள், நேரம் உள்ளவர்கள், அதிகாரிகளைத் தெரிந்தவர்கள் எல்லாம் காலை ஐந்து மணி ஆட்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வருகிற பசங்களுக்கு லெட்டர்பேடும் இல்லை, சங்கமும் இல்லை. அதனால் போராட்டத்தின் கோரிக்கை மெல்ல மெல்ல நடைபாதை, பெஞ்சு, விளக்கு, மரம் என்று ஆகிவிடுகிறது. எதிர்த்தரப்பு இதை நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறது. திருத்திய வரைபடத்தில் வளாகத்தைச் சுற்றி டைல்ஸ் போட்ட நடைபாதையும் ஓபன் ஜிம்மும் வரும். வாக்கிங் ஆட்களில் பாதிப் பேர் திருப்தியாகிவிடுவார்கள். பந்து மட்டும் காணாமல் போகும். குழுவின் முதல் கூட்டத்தைச் சாயங்காலம் மைதானத்திலேயே போட்டு, பெண்கள் கபடி அணியையும் தெருக் கிரிக்கெட் கேப்டன்களையும் பொறுப்பில் உட்கார வைத்தால் அந்தப் பேரம் அவ்வளவு சுலபமாக முடியாது.

திட்டம் கைவிடப்பட்டால் வேலை முடிந்தது என்று கலைந்துவிடுவதும் வழக்கம். கைவிட்டதாக அமைச்சர் பேட்டி கொடுத்தால் போதாது, பழைய தீர்மானத்தை ரத்து செய்யும் புதுத் தீர்மானமோ ஆணையோ வேண்டும். நில உபயோகத்தைத் திறந்தவெளி என்று மாற்றச் சொல்லி அந்தச் சூட்டோடு எழுதிக் கேட்க வேண்டும். அப்புறம் மைதானம் காலியாகக் கிடக்கக் கூடாது. முள்செடி வளர்ந்து, ராத்திரியில் பாட்டில் உடைகிற இடமானால், 'பயன்பாடு இல்லாத நிலம்' என்று அடுத்த ஆலோசகர் எழுதுவார். எந்த நாளில் எத்தனை அணிகள் ஆடின, எந்தப் பள்ளி விளையாட்டு விழா நடத்தியது, எத்தனை பேர் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகினார்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, மாதம் ஒருமுறை படம் எடுத்து வைக்கிற வேலையை யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு நோட்டு இருந்தால், அடுத்த அறிக்கைக்கு ஆட்சேபம் எழுதும் நாளில் புதிதாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.